வீடில்லாக் குடும்பங்களின் சிறு பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர எங்கிருந்து தொடங்குவது?

மயிலாடுதுறையில் படித்துறை மண்டபத்திலும் பேருந்து நிலையத்திலும் தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்க நினைப்பதாகவும், முதலில் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கும்பகோணத்தில் ஒரு சிறு தொண்டு அமைப்போடு ஆறு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன்.

வகுப்பைத் தொடங்குமுன், இரண்டு வயது கடந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பக்கத்து அங்கன்வாடியில் பதிந்துவிடுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உறுதியளிப்பது 6 முதல் 14 வயது வரையிலான படிப்பைத்தான்; அதற்கு முந்தைய வயதில் உணவும் தடுப்பூசியும் பாட்டும் விளையாட்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கன்வாடியில்தான். இன்னொரு காரணத்தை நான் தாமதமாகவே அறிந்துகொண்டேன். எங்களிடம் ஆனா ஆவன்னா எழுதப் பழகிய சிறுமி ஒருத்தியை, பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று ஒரு பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுடைய அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை; செய்தி எங்களுக்கு எட்டுவதற்குள் குடும்பமே அறுவடை வேலைக்கு வேறு ஊர் போய்விட்டது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவே சொல்கிறது. அங்கன்வாடிப் பதிவையும், மருத்துவமனை அல்லது செவிலியர் பதிவேட்டையும், பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரத்தையும் வயதுச் சான்றாக ஏற்கலாம் என்று அச்சட்டத்துக்கான 2010ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் கூறுகின்றன. அன்று எங்களில் ஒருவர் அந்த அம்மாவுடன் கூடப் போயிருக்க வேண்டும். போகாதது எங்கள் தவறு, இன்றுவரை அது உறுத்துகிறது. ஆகவே பிள்ளையை நீங்களாக அழைத்துச் செல்லாமல், தாயை முன்னிறுத்தி உடன் செல்லுங்கள்.

மாலை வகுப்பில் ஆள் மாறக் கூடாது. நேற்று வந்த அக்காவே இன்றும், அதே நேரத்தில், அதே இடத்தில் வருகிறாள் என்பதை நம்பத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். சாப்பிட்டதும் தூங்கிவிடும் நான்கு வயதுப் பிள்ளையை எழுப்பாதீர்கள். இரவெல்லாம் பேருந்துச் சத்தத்தில் கிடந்த உடம்பு அது. சிலேட்டுகளைப் பூட்டி வைக்க ஒரு தகரப் பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுங்கள், ஏனெனில் தன்னுடையது என்று ஒரு பொருளை நனையாமல் வைத்துக்கொள்ள அவர்களுக்கு வேறு இடமில்லை. பெற்றோர் யாருமின்றித் தனியே திரியும் பிள்ளையைக் கண்டால் மட்டும் தாமதிக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். ஆற்றில் தண்ணீர் வந்ததும் மணலில் படுத்திருந்த குடும்பங்கள் இடம் மாறும்; பள்ளிகள் திறக்கும் காலமும் அதுவே. மே மாத இறுதிக்குள் அடுத்து எங்கே போவார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அங்கன்வாடிப் பதிவின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தாயின் கையில் கொடுத்துவிடுங்கள்.