மஞ்சள் பல்சருக்கு என்ன விலை சொல்வது?

கேள்வி: டிக்கோயாப் பக்கம் தோட்டம். என்னிடம் 2016 மொடல் பல்சர் 150 இருக்கிறது. சைலன்சர், அகல டயர், ஹேண்டில், கலர் லைட், கறுப்புக்கு மேல் மஞ்சள் பெயின்ட் என்று 1,40,000 ரூபா போட்டேன். இப்போது அதை விற்று ஆட்டோவுக்கு முற்பணம் கட்ட யோசனை. வருகிறவர்களோ ஒன்றும் செய்யாத பைக்கை விடக் குறைத்துக் கேட்கிறார்கள். செலவழித்ததை விலையில் சேர்க்க முடியாதா?

பதில்: நீங்கள் சேர்க்கலாம் தம்பி, வாங்குகிறவர் சேர்க்கமாட்டார். ஹற்றனில் பைக் பார்க்க வருகிற குடும்பக்காரர் முதலில் பின் சீட்டைத்தான் அமுக்கிப் பார்ப்பார். மனைவி உட்கார வேண்டும், நடுவில் பிள்ளை. அப்புறம் ஏற்றத்தில் இழுக்குமா, லீட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்பார். உங்கள் அகல டயர் இந்த இரண்டிலுமே கைவைக்கிறது.

நானும் ஒரு மாதச் சம்பளத்தைச் சைலன்சருக்குக் கொடுத்தவன்தான். பைக்கை வாங்கியவர் அதைக் கழற்றி என் கையிலேயே தந்துவிட்டுப் போனார்.

அடுத்தது புக், அதாவது பைக்கின் பதிவுப் புத்தகம். அதில் கறுப்பு, டாங்கியில் மஞ்சள். நிற மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்ததாக நீங்கள் எழுதவில்லை. பதியாவிட்டால் அந்த அலைச்சலுக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார்கள். 2025 ஜனவரியில் பொலிஸ் சத்தச் சைலன்சர், கலர் லைட் எல்லாவற்றையும் பிடிக்கத் தொடங்கியபின் அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய பைக் எப்படி இருந்தாலும் விலை போனது. 2025 பெப்ரவரியில் தடை நீங்கியதால், உங்களுடையது பிடிக்காதவர் புதிதே வாங்கிக்கொள்ளலாம்.

கழற்றிய பழைய சாமான்கள் எங்கே? பரணில் கிடந்தால் அதுதான் உங்கள் சல்லி. அவற்றைத் திரும்பப் பூட்டுங்கள். இல்லாததைக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பழசாகத் தேடலாம். போட்ட சாமான்களைத் தனித்தனியாக, ஆசைப்படுகிற பையன்களுக்கு விற்றுவிடுங்கள். உதாரணத்துக்கு, பழையபடி ஆக்க 30,000 போய், சாமான் விற்று 45,000 வந்தால், பைக்கின் விலை ஏறுவதற்கு முன்பே 15,000 கையில் நிற்கும். மீண்டும் கறுப்பு அடிக்கப் போகாதீர்கள், மஞ்சளையே பதிந்துவிடுங்கள். பின் சட்டத்தை வெட்டி வெல்டிங் வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பைக் திருத்துகிற பாஸ் ஒருவர் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு பேரமே இல்லை.

லீசிங் கட்டி முடித்தீர்களா? புக்கில் கம்பனியின் பெயர் இன்னும் இருந்தால், அதை நீக்கிய பிறகே யாரிடமும் அட்வான்ஸ் வாங்குங்கள்.