வயதாகும் ஸ்டெம் செல்லுக்கு மாத்திரை உண்டா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஸ்டெம் செல்லுக்கும் வயசாகுமா டாக்டர்? உடம்பைப் புதுப்பிப்பதே அதுதானே?
(கல்லூரி மாணவி, காட்பாடி)

ஆகும் அம்மா. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்கள் முதுமையில் எண்ணிக்கையில் குறைவதில்லை, கூடவே செய்கின்றன. திறன்தான் போய்விடுகிறது. கிருமியை அடையாளம் கண்டு போராடும் லிம்போசைட்டு என்ற வெள்ளையணுக்களை முன்போல் உண்டாக்குவதில்லை. தாத்தா பாட்டிக்குத் தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்புச்சக்தி மந்தமாக எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அண்ணனுக்குக் கிட்னி மாற்றியிருக்கிறது, சிரோலிமஸ் சாப்பிடுகிறார். அது ஆயுளைக் கூட்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அவர் அட்டையிலிருந்து நானும் போடலாமா?
(வாசகர், குடியாத்தம்)

தயவுசெய்து வேண்டாம். அதில் ஒரு மாத்திரை குறைந்தாலும் அண்ணனின் கிட்னிக்குத்தான் ஆபத்து. இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று 1971இல் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. மாற்று கிட்னியைக் காக்கும் மாத்திரையின் அருமை இந்த ஊருக்குத் தெரியும்.

ஆனால் அந்தச் செய்தி முழுப் பொய்யும் அல்ல. சிரோலிமஸின் இன்னொரு பெயர் ராப்பாமைசின். 1964இல் ஈஸ்டர் தீவிலிருந்து எடுத்துவந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து, பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி சுரேன் செகலின் குழு கனடாவில் பிரித்தெடுத்தது. செல்லுக்குள் எம்டார் என்றொரு புரதம் உண்டு. ‘சத்து இருக்கிறது, வளர், பெருகு’ என்று செல்லை முடுக்குவது அதன் வேலை. அது ஓயாமல் முடுக்கினால், ஓய்வில் இருக்க வேண்டிய ஸ்டெம் செல் களைத்துப்போகிறது. ராப்பாமைசின் அந்த முடுக்கத்தைத் தணிக்கிறது.

2009இல் கிழட்டு எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது ரத்த ஸ்டெம் செல்கள் தேறின; ஃப்ளூ தடுப்பூசியும் அவற்றுக்குப் பலித்தது. அதே ஆண்டு இன்னொரு ஆய்வில், 600 நாள் வயதில் மருந்தைத் தொடங்கியும் பெண் எலிகளின் ஆயுள் 14 சதவீதமும் ஆண் எலிகளின் ஆயுள் 9 சதவீதமும் கூடின. படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இருந்தும் மனிதருக்கு ஆயுள் கூடும் என்று இதுவரை நிரூபணம் இல்லை. வாய்ப்புண், கொழுப்பு ஏற்றம், ஆறாத காயம், தொற்று ஆகிய பக்கவிளைவுகளோ நிச்சயமாகத் தெரிந்தவை.

கிழட்டுச் செல்களை மட்டும் கொல்லும் மருந்து வந்துவிட்டதாமே?
(ஆசிரியர், வாணியம்பாடி)

எலிகளில், ஆம். கிழட்டுச் செல்கள் என்பவை பெருகுவதை நிறுத்தியும் சாகாமல் தங்கி, அக்கம்பக்கச் செல்களையும் கெடுப்பவை. 2016இல் நாவிட்டோகிளாக்ஸ் என்ற மருந்தைக் கொடுத்துக் கிழட்டுச் செல்களை அகற்றியபின் ரத்த, தசை ஸ்டெம் செல்கள் புத்துயிர் பெற்றன. ஆனால் அது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளையும் குறைத்துவிடும். கடையில் கேட்டு வாங்கும் சரக்கல்ல.

எனக்குச் சுகர் இல்லை. கோட்டையைச் சுற்றி நடக்கிறேன், ஜிம்முக்கும் போகிறேன். முதுமையைத் தள்ளிப்போட, சுகருக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையை எடுக்கலாமா?
(ஓய்வுபெற்ற அலுவலர், வேலூர்)

வேண்டாம் ஐயா. 65 வயதைக் கடந்தவர்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்து 2019இல் வெளியான ஆய்வில், மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்குத் தசை குறைவாகவே ஏறியது. நீங்கள் வியர்வை சிந்திச் சேர்ப்பதை ஏன் இழக்க வேண்டும்? சுகர் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம்; அதன் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் முட்டி வலிக்கு ஸ்டெம் செல் ஊசி போட ஒரு கிளினிக்கில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். கட்டலாமா?
(வாசகி, ஆரணி)

கட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலில் ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று மட்டுமே ஏற்கப்பட்ட சிகிச்சையாக இருந்தது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் பின்னர் அனுமதித்த தயாரிப்பைத் தவிர, மற்றவை அனுமதி பெற்ற ஆய்வாகவே நடக்க வேண்டும். ஆய்வில் சேருபவரிடம் அதற்குக் காசு கேட்கக் கூடாது. ஆய்வுதான் என்று அவர்கள் சொன்னால், மருத்துவ ஆய்வுகளைப் பதிவுசெய்யும் அரசு இணையதளமான சி.டி.ஆர்.ஐ.யின் (CTRI) பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தத் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். எண் தரத் தயங்கினால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டி பிசியோதெரபி தொடங்குங்கள்.