ஏஜென்ட் படிக்கும் விளக்கக் குறிப்பு: மகளின் வேலை பற்றிக் கேட்ட தாய்க்கு

உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் தெரிகிறது அம்மா. மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, மென்பொருளுக்கு விளக்கக் குறிப்பு எழுதும் டாக்குமென்டேஷன் பக்கம் போகிறேன் என்கிறாள், அது கோடிங் வராதவர்கள் ஒதுங்குகிற இடமோ என்பது ஒன்று. அந்த எழுத்து வேலையையும் ஏஐ பிடுங்கிக்கொள்ளுமோ என்பது இன்னொன்று. இரண்டாவது பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம்.

கோடில் இருக்கும் ஒரு ஃபங்ஷனின் பெயரை எடுத்து அதையே வாக்கியமாக நீட்டி எழுதுவது, எந்த பட்டனை அழுத்தினால் எது திறக்கும் என்று சொல்வது போன்ற எழுத்தை ஏஐ இப்போதே செய்கிறது. அதை மட்டும் நம்பி உங்கள் மகள் இறங்குவதாக இருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் விளக்கக் குறிப்புகளைப் படிக்க இப்போது ஏஐ ஏஜென்ட்களும், அதாவது ஒரு வேலையைச் சொன்னால் மற்ற மென்பொருள்களைத் தானே இயக்கி முடிக்கப் பார்க்கும் ஏஐகளும், வந்துவிட்டன. வேலையின் தன்மையே அதனால் மாறுகிறது.

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் மாடல்களில், வெளியே இருக்கும் மென்பொருளைக் கூப்பிட உதவும் ஃபங்ஷன் காலிங் வசதியைக் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், ஏஐயை வெளி மென்பொருள்களோடு இணைக்கும் பொது முறையாக, எம்சிபி எனப்படும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோக்காலை வெளியிட்டது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். ஏஜென்ட் கூப்பிடக்கூடிய ஒவ்வொரு மென்பொருள் வசதியையும் டூல் என்பார்கள். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன விவரம் எந்த வடிவில் தர வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா என்ற பட்டியல். டூலின் உள்ளே ஓடும் கோடு பெரும்பாலும் ஏஜென்ட்டின் கண்ணில் படாது. இந்த மூன்றையும் வைத்துத்தான் எந்த டூலை எடுப்பது, என்ன மதிப்பைக் கொடுப்பது என்று அது முடிவு செய்கிறது. புரியாத இடத்தில் மனிதர் பக்கத்து சீட்டில் கேட்பார். ஏஜென்ட் பல நேரம் தானே ஊகித்துக்கொண்டு மேலே போய்விடும்.

மீட்டிங் அறை பதிவு செய்யும் ஒரு டூலை எடுத்துக்கொள்ளுங்கள். "அறையைப் பதிவு செய்யும்" என்று ஒரே வரி எழுதி, தேதி என்று ஒரு கட்டம் வைத்தால் போதும் என்று தோன்றும். 03/04/2025 என்று வந்தால் அது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? ஏற்கெனவே செய்த பதிவின் நேரத்தை மாற்ற இதே டூலைக் கூப்பிடலாமா? பதில் வரத் தாமதமாகி ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டால் இரண்டு அறை பதிவாகுமா? இந்தக் கேள்விகளைக் கேட்டு, டெவலப்பரிடம் உட்கார்ந்து பேசி, தானே ஓட்டிப் பார்த்து எழுதினால் விளக்கம் வேறு மாதிரி வரும்: "புதிய பதிவுக்கு மட்டும். மாற்ற வேண்டுமானால் பதிவு திருத்தும் டூலைப் பயன்படுத்தவும். தேதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், உதாரணம் 2025-04-03. பதில் வராவிட்டால் மறுபடி அழைக்கும் முன் பதிவுப் பட்டியலைச் சரிபார்க்கவும்."

பிழைச் செய்தியும் இதில் சேர்த்திதான். "பிழை 400" என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் திணறும். "முடியும் நேரம் தொடங்கும் நேரத்துக்கு முன்னால் இருக்கிறது, 15:00-க்குப் பிந்தைய நேரம் தரவும்" என்று வந்தால் அடுத்த அழைப்பிலேயே திருத்திக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதற்காக எல்லாவற்றையும் கொட்டி எழுதவும் முடியாது. விளக்கங்கள் மாடலின் கான்டெக்ஸ்டில், அதாவது அது ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய எழுத்தின் அளவில், இடம் பிடிக்கின்றன, டூல்கள் கூடக்கூட ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும் குழப்பமும் கூடும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்க அந்த மென்பொருள் எங்கே இடறும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் முதல் பயத்துக்கும் இதுவே பதில்: கோடு படிக்கத் தெரியாமல் இதை நன்றாகச் செய்ய முடியாது. படிப்பை அவள் அப்படியே தொடரட்டும்.

அவளிடம் இதைச் சொல்லுங்கள். பைத்தான் மொழியில் ஒரு ஏபிஐயை (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) கூப்பிட்டு, வரும் பதிலைப் படிக்கும் அளவுக்குக் கை பழக வேண்டும். ஏபிஐயை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ வரையறையை எழுதவும், கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பயன்படுத்தவும் தெரிய வேண்டும். அப்புறம் விளக்கம் மெலிந்து கிடக்கிற ஒரு சிறிய ஓப்பன் சோர்ஸ் டூலைத் தேர்ந்தெடுக்கட்டும். அதை வைத்துச் செய்யக்கூடிய பத்துப் பணிகளை எழுதி, ஒரு ஏஜென்ட்டிடம் கொடுத்து, எந்த டூலை எந்த மதிப்போடு கூப்பிட்டது என்று குறித்துக்கொள்ளட்டும். தவறிய இடத்தில் விளக்கத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து மறுபடி ஓட்ட வேண்டும். ஒரே பணியில்கூட மாடல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது, அதனால் ஒரு தடவை சரியாக வந்ததை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. முன்பு எப்படி இருந்தது, என்ன மாற்றினாள், பின்பு என்ன ஆனது என்பதை, கோடைப் பிறர் பார்க்க வைக்கும் கிட்ஹப் தளத்தில் வைத்தால், சான்றிதழ் கோர்ஸ் நான்கைந்தை விட அதற்கு மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

வேலை தேடும்போது ஒரு விஷயம். இதற்கென்று தனிப் பதவிப் பெயர் இன்னும் நிலைக்கவில்லை. டெக்னிக்கல் ரைட்டர், ஏபிஐ டாக்குமென்டேஷன், டெவலப்பர் எக்ஸ்பீரியன்ஸ் என்ற பெயர்களில் வரும் அறிவிப்புகளைத் திறந்து, பணி விவரத்தில் ஏஜென்ட், எம்சிபி, டூல் ஸ்கீமா என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். ஜூனியர் டெவலப்பர் வேலைக்கும் கூடவே விண்ணப்பிக்கட்டும். அங்கே சேர்ந்து, யாரும் தொடாத விளக்கக் குறிப்புகளைத் தானே கையில் எடுத்துக்கொள்வதும் இந்தத் துறைக்குள் வர நல்ல வழிதான்.