வேலைக்காக முதல்முறை நகோயா போகிறேன். பார்க்க ஒன்றுமே இல்லாத ஊர் என்கிறார்களே, உண்மையா?

உங்கள் ஆபீசிலும் யாராவது "நகோயாவா? லீவு கிடைத்தால் கியோட்டோவுக்கு ஓடிவிடு" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொல்லி அனுப்பினார்கள். ஜப்பான்காரர்களும் அந்த ஊரை அப்படித்தான் பேசுவார்கள். 2016-ல் நகோயா மாநகராட்சியே எட்டு பெரிய நகரங்களில் ஒரு சர்வே எடுத்தது. போய்ப் பார்க்க ஆசைப்படும் ஊர்களில் நகோயாவுக்குக் கடைசி இடம். சொந்தக் காசில் சர்வே எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட ஊர் என்பதாலேயே எனக்கு அதன் மேல் ஒரு பாசம்.

நீங்களும் வண்டி பாகங்கள் சம்பந்தமாகத்தான் போவீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். விமான நிலையம் கடலை மேடாக்கிக் கட்டியது. அங்கிருந்து மெய்டெட்சு ரயிலில் அரை மணி நேரத்தில் ஊருக்குள் வந்துவிடலாம். எஸ்கலேட்டரில் நடக்காதீர்கள், நின்றுதான் போக வேண்டும் என்று 2023 அக்டோபரிலிருந்து அங்கே விதியே இருக்கிறது.

ஒரே ஒரு அரை நாள் கிடைத்தாலும் டொயோட்டாவின் தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நகோயா ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டாப் சாகோ, அங்கிருந்து பக்கம்தான். கார் கம்பெனி மியூசியம் என்று நினைத்துத்தான் போனேன். முதல் கூடம் முழுக்கத் தறி! 1911-ல் தறி கண்டுபிடிப்பாளர் சாகிச்சி டொயோடா நெசவாலை வைத்திருந்த அதே இடம் அது, செங்கல் கட்டடம்.

நான் சோமனூர்க்காரன். வீட்டில் விசைத்தறி ஓடிய சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன். அங்கே ஒரு ஊழியர் 1924-ம் வருடத்து ஜி டைப் தறியை ஓட்டிக் காட்டினார். தார் (குறுக்கு நூல் சுற்றிய குச்சி) தீர்ந்ததும் தறி நிற்காமலே, அதைச் சுமந்து ஓடும் நாடா தானாக மாறியது. அப்புறம் பாவில், அதாவது நீளவாக்கு நூலில், ஒரு இழையை வேண்டுமென்றே அறுத்தார். தறி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் இழை அறுந்ததைக் கண்ணால் பார்த்து ஓடிப் போய் நிறுத்துவது அம்மாவின் வேலை. ஒரு நிமிஷம் அசந்தால் துணி பாழ், கூலியில் பிடித்தம். நான் அந்தத் தறியை விட்டு நகராததைப் பார்த்துவிட்டு அந்த ஊழியர் இன்னொரு தடவை ஓட்டிக் காட்டினார். 1929-ல் இந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் என்ற நெசவு இயந்திரக் கம்பெனிக்குக் கொடுத்து வந்த பணம்தான் சாகிச்சியின் மகன் கீச்சிரோவின் கார் ஆராய்ச்சிக்குப் போனது என்பார்கள். கார் பகுதி அடுத்த கூடத்தில். அதையும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

"நகோயா கோட்டையை விட்டுவிட்டாயே" என்று கமெண்டில் வராதீர்கள். பழைய கோபுரம் 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனது. இப்போது நிற்பது 1959-ல் கட்டிய கான்கிரீட், அதற்குள்ளும் 2018 முதல் ஆளை விடுவதில்லை. பக்கத்தில் மரத்தில் திரும்பக் கட்டிய ஹொன்மாரு அரண்மனை உண்டு, அதைத் தாராளமாகப் பாருங்கள். நான் கோட்டைக்கு எதிரி இல்லை.

சாப்பாடு: காலையில் காபிக் கடைக்குப் போனால் காபி விலையிலேயே டோஸ்ட்டும் பெரும்பாலும் அவித்த முட்டையும் வரும். சைவம் என்றால் மிசோ (சோயா விழுது) சூப்பிலும் மீன் சாறு இருக்கும், ஜாக்கிரதை. நேபாளிகள் நடத்தும் இந்தியக் கடைகள் கை கொடுக்கும்.

கேட்காத விஷயம் ஒன்று. சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் மெஷினில் காசு போட்டால் டிக்கெட் வரும், அதைக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார், நம் கையில் எதுவும் மிஞ்சாது. திரும்பி வந்ததும் எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு "பில் இல்லையா, பணம் இல்லை" என்றது. லட்சக்கணக்கில் விமான டிக்கெட் போட்டு அனுப்புவார்கள், ஒரு கிண்ணம் உடோன் நூடுல்ஸுக்கு விசாரணைக் கமிஷன் வைப்பார்கள்! சில மெஷின்களில் ரசீதுக்குத் தனிப் பட்டன் இருக்கிறது. எது என்று முதல் நாளே யாரிடமாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மியூசியத்துக்குத் திங்கள்கிழமை லீவு.