ஈரத்தில் ஓடி, காய்ந்ததும் ஒட்டிக்கொள்ளும் ஷட்டர்

நாப்தா (எண்ணெயைக் கரைத்து எளிதில் ஆவியாகும் திரவம்) விட்டுக் கழுவியபோது உங்கள் பழைய கேமராவின் காம்பூர் ஷட்டர் (லென்ஸுக்குள் மெல்லிய பிளேடுகள் திறந்து மூடி ஒளியை விடும் அமைப்பு) ஒழுங்காகத் திறந்து மூடியது, காய்ந்ததும் பிளேடுகள் மறுபடி ஒட்டிக்கொண்டன என்கிறீர்கள். ஷட்டர் கெட்டுவிடவில்லை, கவலை வேண்டாம். கரைந்த பழைய எண்ணெய் வெளியேறாமல் பிளேடுகளின் மேல் மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. நாப்தா ஆவியானதும் அந்தப் படலம் மட்டும் மிஞ்சுகிறது.

ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். இந்தப் பிளேடுகள் உலர்ந்த நிலையில் ஓடவே செய்யப்பட்டவை.

முதலில் முன், பின் கண்ணாடித் தொகுதிகள் இரண்டையும் கழற்றி விடுங்கள். நாப்தா உள்ளே புகுந்தால் கண்ணாடியில் படலம் படியும். அப்புறம் பஞ்சுக் குச்சியை நாப்தாவில் லேசாக நனைத்து, பிளேடுகளை இருபுறமும் துடையுங்கள். ஷட்டரை இயக்குங்கள், மறுபடி துடையுங்கள். பஞ்சில் கறை வருவது நிற்கும் வரை இதையே செய்ய வேண்டும். ஊற்றிக் கழுவுவதைவிடத் துடைத்து எடுப்பதுதான் முக்கியம், ஏனென்றால் எண்ணெய் பஞ்சோடு வெளியே வந்துவிடும். பிளேடுகளை அழுத்தாதீர்கள், எளிதில் வளைந்துவிடும்.

ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம்: நாப்தா ஆவி தீப்பிடிக்கும், சூட்டில் உள்ளிருக்கும் கிரீஸும் இளகிப் பிளேடுக்கு வரும். காற்றுப் பம்பால் ஊதிவிட்டு, தூசி படாமல் மூடி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் நன்றாகக் காய்ந்த பிறகு சோதிப்பதுதான் உண்மையான சோதனை.

அப்போது 1 வினாடி, 1/2 வினாடி ஆகிய மெதுவான ஷட்டர் வேகங்கள் மட்டும் கூடுதல் நேரம் இழுத்தால், கோளாறு பிளேடில் இல்லை, மெதுவேகப் பற்சக்கரத் தொகுதியில். அதைத் தனியாகக் கழுவ வேண்டியிருக்கும்.