பூட்டு சரி, பக்கெப் எங்கே கிடக்கிறது?

கொக்குவிலில் இருந்து பகுதிநேரச் செய்தியாளர் ஒருவர் கேட்கிறார்: "காணிப் பிரச்சினை பற்றி ஆட்கள் எனக்கு வாட்ஸ்அப்பில்தான் தகவல் அனுப்புகிறார்கள். பொலிஸ் கேட்டால் நிறுவனம் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். சிக்னல் செயலிக்கு மாறவா?"

நண்பர் சொல்வது பாதி சரி. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் பூட்டப்பட்டே போகின்றன. திறப்பு உங்கள் ஃபோனிலும் மற்றவருடைய ஃபோனிலும் மட்டும்தான். ஆனால் உங்கள் இலக்கம், தொடர்புப் பட்டியல், ஐபி முகவரி (உங்கள் இணைய இணைப்பின் இலக்கம்) எல்லாம் நிறுவனத்திடம் உண்டு. செய்தியாளருக்கு அதுவே தலையிடி. யாரோடு தொடர்பு என்று தெரிந்தால், என்ன கதைத்தீர்கள் என்று ஊகிக்க எவ்வளவு நேரம்?

அதோடு, கேட்பது பொலிஸ்தானா? உயிராபத்து என்றால் நீதிமன்ற உத்தரவு இல்லாமலே தகவல் பெற 'அவசரக் கோரிக்கை' என்று ஒரு வழி இருக்கிறது. கடத்தப்பட்ட பிள்ளையைத் தேடும்போது நீதவானின் கையெழுத்துக்குக் காத்திருக்க முடியாது, அதனால் அது தேவைதான். 2021இல் ஹேக்கர்கள் பொலிஸாரின் மின்னஞ்சல் கணக்குகளுக்குள் புகுந்து இதே வழியில் போலிக் கோரிக்கை அனுப்பினார்கள். ஆப்பிளும் வாட்ஸ்அப்பின் சொந்தக்கார நிறுவனமான மெட்டாவும் ஏமாந்து பயனர்களின் முகவரி, தொலைபேசி இலக்கம், ஐபி முகவரி ஆகியவற்றைக் கொடுத்துவிட்டன என்று 2022 மார்ச்சில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியது. டிஸ்கோர்ட் என்ற சாட் செயலியும் தான் ஏமாந்ததை ஒப்புக்கொண்டது. 2024 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயும் இதுபற்றி எச்சரித்தது. மின்னஞ்சல் முகவரியைப் பார்த்தே ஆளை நம்பினால் வேறென்ன நடக்கும்?

அதனால் நிறுவனத்தின் நேர்மையை விட, அதன் கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 2016இல் அமெரிக்காவில் அழைப்பாணை வந்தபோது சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். ஆகவே தகவல் தரும் ஆட்களோடு கதைக்க மாறுங்கள். குடும்ப குறூப் வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும், மாமியை மாற்ற உங்களால் முடியாது! டெலிகிராம் வேண்டாம், அதன் சாதாரண சாட்டுக்கு இந்தப் பூட்டே கிடையாது.

மாறும்வரை ஒரு வேலை செய்யுங்கள், உங்கள் பக்கெப்பை, அதாவது சாட்டின் சேமிப்புப் பிரதியை, பாருங்கள். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பக்கெப் என்று போங்கள். அங்கே 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பக்கெப்' என்ற வரியில் 'ஓஃப்' என்று இருந்தால், கூகுளிலோ ஐகிளவுட்டிலோ ஏறியிருக்கும் உங்கள் பழைய சாட்டுக்கு அந்தப் பூட்டு இல்லை. வாசலைப் பூட்டிவிட்டுக் குசினிக் கதவைத் திறந்து வைத்த கதைதான். அதை 'ஓன்' ஆக்கிக் கடவுச்சொல் கொடுங்கள். கடவுச்சொல் தொலைந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது, கொப்பியில் எழுதி அலுமாரியில் வையுங்கள்.

பழையதை அழிக்கலாமா என்றால், விசாரணை ஏதும் தொடங்கியிருந்தால் ஒன்றையும் தொடாதீர்கள், முதலில் சட்டத்தரணியைப் பாருங்கள். அப்புறம், உங்களுக்குத் தகவல் அனுப்புகிறவரின் ஃபோனிலும் அந்த 'ஓஃப்' கிடக்கலாம். அடுத்த முறை நேரில் சந்திக்கும்போது அவருடையதையும் வாங்கிப் பாருங்கள்.