தண்ணீர், மண், மின்சாரம்: மகள் எந்தப் பிரிவை எடுப்பது?

அக்கா,

"தண்ணி, மண், கரண்ட் எல்லாம் சேர்த்துப் படிக்கணும்னு மகள் நிக்கிறா. உயர் தரத்துல அப்படி ஒரு பிரிவே இல்லையே" என்று கேட்டிருந்தீர்கள். இல்லைதான். அதை நாம்தான் கோத்துக்கொடுக்க வேண்டும்; கோக்கவும் முடியும். நம் மலையகத்துத் தலவாக்கலையில் தண்ணீரைத் தேக்கி மேல் கொத்மலைத் திட்டம் 2012 முதல் 150 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அதே மலையில் நம் சனம் குழாயில் வடியும் பீலித்தண்ணிக்கு வரிசையில் நிற்கிறது. இந்த முரண்தான் உங்கள் மகளை உறுத்துகிறது. அவள் ஆசையைத் தட்டிவிடாதீர்கள்.

ஒரு ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், போய்ப் பாருங்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரை கிலோ கொழுந்து வேண்டும். குறைகிற எடை பெரும்பாலும் தண்ணீர்தான். அதை விசிறிக் காற்றாலும் விறகுச் சூட்டாலும் போக்குகிறார்கள். விறகைக் குறைக்கப் பௌதிகம் வேண்டும், கொழுந்தின் குணம் கெடாமலிருக்க இரசாயனம். விறகு மரத்தை எந்தச் சரிவில் நடலாம் என்பது மண்ணைப் படித்தவருக்குத் தெரியும். மிச்சமாகும் பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்கப் பொருளியலும் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காக உயர் தரத்தில் எல்லாவற்றையும் தொட முடியாது. பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளி மூன்று பாடங்களில்தான். உயிரியல், இரசாயனம் இரண்டையும் எடுக்கட்டும். மூன்றாவதாக விவசாயம் சுலபம் என்பார்கள்; நான் பௌதிகவியல் என்பேன். நீரும் வெப்பமும் மின்சாரமும் அங்கேதான் இருக்கின்றன. தமிழ் மொழியில் விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலை எட்டாத தூரமென்றால், தொழில்நுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் எடுக்கலாம். அது மட்டமான படிப்பு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மற்றப் பாடங்களை வகுப்புக்கு வெளியே சேர்ப்போம். உங்கள் வீட்டுப் பக்கம் ஓடும் ஓடையை அவள் மாதாமாதம் அளந்து கொப்பியில் எழுதட்டும். விநாடிக்கு 10 லீற்றர் தண்ணீர் 20 மீற்றர் இறங்கினால் கணக்குப்படி 2 கிலோவாட் அளவு வரும். இழப்புப் போகப் பாதி கிடைத்தாலே சில வீடுகளுக்கு விளக்கெரியும். மழைக்காலத்துக் கணக்கை மட்டும் நம்பக்கூடாது, வறட்சியில் எவ்வளவு குறைகிறது என்பதே முக்கியம். அந்தத் தண்ணீர் யாருக்குச் சொந்தம், யாரிடம் அனுமதி கேட்பது என்பதையும் விசாரிக்கச் சொல்லுங்கள். அங்கேதான் பல நல்ல திட்டங்கள் படுத்துவிடுகின்றன.

அடுத்து பல்கலைக்கழகம். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸவில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. பேராதனையில் விவசாய பீடம். அனுமதித் தகைமையை அந்தந்த ஆண்டுக் கைநூலில் பாருங்கள். படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் ஆங்கிலத்தை இன்றே தொடங்கட்டும். புள்ளி போதாவிட்டால் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமை வழியாகப் பட்டம்வரை ஏறலாம்.

வேலையைப் பற்றிப் பயப்படாதீர்கள். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கும், மண்சரிவை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இப்படிப் படித்தவர்கள் தேவை. தமிழில் மக்களோடு பேசத் தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது.

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும், பாடசாலையில் பாடத்தெரிவுப் படிவம் கொடுப்பதற்கு முன், மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த ஓடைக் கொப்பியையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.